மாமியார் விழுங்கினால் மருந்து

அமெரிக்க ராணுவத்தில் சேர ஆசைப்படும் பையன் முதலில் வாத்தாக வேண்டும்.

கிண்டல் இல்லை. ஆள் சேர்க்கும் மருத்துவ நிலையம் என்று அந்த நாட்டில் அறுபத்துச் சொச்சம் இடங்களில் வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக மெப்ஸ். விடிவதற்கு முன்பே கொண்டுபோய் வரிசையில் நிறுத்துவார்கள். ஜட்டியோடு குந்தச் சொல்வார்கள். குந்தினபடியே நாலைந்து அடி நடக்கச் சொல்வார்கள். அதற்கு வாத்து நடை என்றே பெயர். மூட்டும் இடுப்பும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழியாம். பதினெட்டு வயதுப் பையன்கள், உலகத்தின் பெரிய வல்லரசைக் காப்பாற்றும் லட்சியத்தோடு, சில்லென்ற தரையில் வெறுங்காலோடு குந்திக் குந்திப் போவார்கள்.

போகட்டும். மூட்டைப் பார்க்கத்தான் வேண்டும். என் வயிற்றெரிச்சல் வாத்து நடையைப் பற்றியது அல்ல. அதற்கு முன்னால் அந்தப் பையன் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பற்றியது.

நீளமான படிவம். ஆஸ்துமா உண்டா, தலையில் அடிபட்டதுண்டா, பன்னிரண்டு வயதுக்குப் பிறகும் படுக்கையை நனைத்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வரும். நடுவில் ஒரு கேள்வி: தடை செய்யப்பட்ட போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா, டாக்டர் சீட்டில் வரும் மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதுண்டா? எதிரே இரண்டு கட்டம். ஆம். இல்லை. கூடவே ஓர் எச்சரிக்கை: பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இப்போது ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஒரு பரீட்சைக்கு முந்தின ராத்திரி, தூக்கம் வராமலிருக்க நண்பனின் அடரால் மாத்திரையில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டான். கடைவாய்ப்பல் பிடுங்கினபோது டாக்டர் கொடுத்த வலிமாத்திரை மிச்சமிருந்தது. முதுகு வலித்த ஒரு நாள் அதையும் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டான். அமெரிக்காவில் இப்படிச் செய்யாத பையனைக் கண்டுபிடிக்கத்தான் தனியாகப் படை அனுப்ப வேண்டும். இவன் நேர்மையான பிள்ளை. பேனாவை ‘ஆம்’ பக்கம் கொண்டுபோகிறான்.

எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்பிடிக்கிற சார்ஜெண்ட்டுக்கு மாதக் கணக்கு இருக்கிறது. இத்தனை தலை அனுப்பியாக வேண்டும். அவர் பேனாவைப் பார்க்கிறார். பையனைப் பார்க்கிறார். “தம்பி, யோசித்துப் போடு” என்கிறார். அவ்வளவுதான். மீதியைக் கண் சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடு என்பது அந்த ஊர் ராணுவத்தில் சேர்ந்த தலைமுறைகளுக்கெல்லாம் தெரிந்த மந்திரம்.

1980களில் நான்சி ரீகன் அம்மையார், கணவர் ஜனாதிபதியாக இருந்த காலத்தில், ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். யாராவது போதை மருந்து நீட்டினால் ‘இல்லை என்று மட்டும் சொல்’. அந்தப் பாடத்தைக் கடைசி வரை விடாமல் கடைப்பிடித்த ஒரே இடம் ஆள்சேர்ப்பு அலுவலகம். மருந்து நீட்டும்போது சொல்ல வேண்டியதை, படிவம் நீட்டும்போது சொல்லச் சொன்னார்கள்.

நமக்கு இது புதிதா? எங்கள் வீட்டுக்கு ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தார். அப்பாவின் பாலிசிக்கு அவரே உட்கார்ந்து பாரம் நிரப்பினார். “சர்க்கரை இருக்கா சார்?” என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் “இல்லைன்னு போட்டுடறேன்” என்று போட்டும் விட்டார். பிரீமியம் கட்டின பதினோரு வருஷமும் அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. பணம் கேட்டு ஆஸ்பத்திரி பில்லை நீட்டின அன்றைக்குத்தான் கம்பெனிக்கு அப்பாவின் சர்க்கரை இனித்தது. ஏஜெண்ட் அதற்குள் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார்.

அமெரிக்காவின் ஏஜெண்ட்டும் அப்படித்தான் மாறிப் போவார். பையன் மாட்டிக்கொள்வான். மோசடி செய்து படையில் சேர்ந்ததாக ராணுவச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அதில் விசாரிக்கப்படுகிறவன் பேனா பிடித்தவன். கண்ணைக் காட்டினவருக்கு அந்த மாதத்துப் பாராட்டு எப்போதோ கிடைத்திருக்கும்.

பல்லாண்டுகள் இந்த நாடகம் சுகமாக ஓடியது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2015-ல் 430 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு ராணுவத்துக்கென்று ஒரு மருத்துவப் பதிவேடு கட்டினார்கள். அதன் பெயர் ஜெனிசிஸ். நம் ஊர் பைபிளில் ஆதியாகமம். பொருத்தமான பெயர்தான்; உன் ஆதி முதலான எல்லா ஆகமமும் அதில் இருக்கும். 2022-ல் அதை மெப்ஸ் நிலையங்களில் மாட்டினார்கள். வெளி ஆஸ்பத்திரி, மருந்துக் கடைப் பதிவுகளை அது தானே துழாவி எடுத்தது. எட்டு வயதில் இன்ஹேலர் உறிஞ்சினது, பதினான்கு வயதில் அம்மா செத்தபோது கவுன்சிலிங் போனது, பதினாறு வயதில் அடரால் வாங்கினது எல்லாம் திரையில் வந்து நின்றன.

அதே 2022-ல் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு 15,000 பேர் குறைவாகச் சேர்த்தது. உண்மையைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். அது உண்மையைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு ஆள் இல்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த இயந்திரம் மட்டுமே காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். வெளியே சம்பளம் கூடியிருந்தது, இருபது வருஷ ஆப்கானிஸ்தான் போர் தோல்வியில் முடிந்திருந்தது. ஆனால் பென்டகனின் 2020 கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 17 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் 77 சதவீதம் பேர், விதிவிலக்கு வாங்காமல் படையில் சேர லாயக்கில்லாதவர்கள். பருமன், போதைப்பழக்கம், உடல்நோய், மனநோய் என்று காரணங்கள். ஒரு நாட்டின் இளைஞர்களில் முக்கால்வாசிப் பேரை ‘தேறாது’ என்று ஒதுக்குகிற தராசு, அத்தனை வருஷமும் ஆள் குறையாமல் எடை போட்டது எப்படி? கட்டை விரல் தட்டின்மேல் இருந்ததால்தான்.

ஆள் பஞ்சம் வந்ததும் கொள்கைக்கும் பசி எடுத்தது. 38 வகை உடல், மனக் கோளாறுகளுக்குக் காலக்கெடுவைத் தளர்த்திப் பார்க்கும் சோதனைத் திட்டம் வந்தது. கவனக்குறைவுக் கோளாறும் அதில் ஒன்று. அதற்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால், நிறுத்தி 24 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது அதுவரை இருந்த விதி. மருத்துவக் காரணம் என்று அதுவரை மார்தட்டினது, சந்தை நிலவரமாக மாறிவிட்டது. தக்காளி வரத்து குறைந்தால் சொத்தையும் விலை போகும்.

இதுவரை வெறும் பித்தலாட்டம். இனிமேல்தான் அயோக்கியத்தனம்.

அந்தப் பையன் பரீட்சைக்குப் போட்டுக்கொண்ட அடரால் என்ன மருந்து? ஆம்ஃபெடமின். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெடமின் என்கிற வகை. அந்த வகை மட்டுமே முழுக்க உள்ள மாத்திரைக்கு டெக்ஸட்ரின் என்று பெயர். அமெரிக்க விமானப்படை நீண்ட தூரம் பறக்கும் விமானிகளுக்குக் கொடுத்த மாத்திரை அதுதான். செல்லப் பெயர் ‘கோ பில்’. போ மாத்திரை. திரும்பி வந்து தூக்கம் பிடிக்காவிட்டால் தூக்க மாத்திரை. அதற்குப் பெயர் ‘நோ கோ பில்’. முடுக்க ஒன்று, அணைக்க ஒன்று. வீட்டு மோட்டாருக்குக்கூட நாம் இப்படி ஸ்விட்ச் போட யோசிப்போம்.

ஆக, பள்ளிக்கூடத்தில் போட்டால் ஒழுக்கக் குறை. காக்பிட்டில் போட்டால் ராணுவத் தளவாடம். மாத்திரை அதே மாத்திரை. கொடுக்கிற கை மட்டும் வேறு.

2002 ஏப்ரலில் காந்தஹார் பக்கத்தில் தர்னாக் பண்ணை என்ற இடத்தில் கனடாப் படையினர் இரவில் துப்பாக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மேலே இரண்டு அமெரிக்க எஃப்-16 விமானங்கள். கீழே தெரிந்த வெளிச்சத்தை எதிரியின் தாக்குதல் என்று ஒரு விமானி எடுத்துக்கொண்டார். பொறு என்று உத்தரவு வந்தது. பொறுக்கவில்லை. தற்காப்பு என்று சொல்லி, 225 கிலோ குண்டைப் போட்டார். நான்கு கனடா வீரர்கள் செத்தார்கள். எட்டுப் பேர் காயம். நட்பு நாட்டுக்காரர்கள்.

விசாரணை வந்தது. விமானிகளின் வக்கீல்கள் டெக்ஸட்ரினைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். மாத்திரை காரணம் இல்லை என்றது விமானப்படை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பினவர்கள்தான் சாப்பிட்டார்கள் என்றது. சம்மதப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்றது.

அந்தச் சம்மதப் பத்திரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மாத்திரை வேண்டாம் என்று சொல்ல விமானிக்கு உரிமை உண்டு என்கிறது. அடுத்த மூச்சில், தேவைப்படும் நேரத்தில் சாப்பிட மறுத்தால், டாக்டரைக் கலந்துகொண்டு, இவர் இந்தப் பறப்புக்கு லாயக்கில்லை என்று தளபதி முடிவு செய்யலாம் என்கிறது. கல்யாணத்துக்கு மொய் கட்டாயமில்லை, ஆனால் சாப்பாட்டுக் கூப்பன் மொய் எழுதும் இடத்தில்தான் கிடைக்கும் என்பது போல. பறப்பதையே பிழைப்பாகக் கொண்டவனிடம் இப்படி ஒரு தாளை நீட்டிவிட்டு, அதற்குச் ‘சம்மதம்’ என்று தலைப்பும் போடத் தனி மூளை வேண்டும்.

கவனித்தீர்களா? மாத்திரை சாப்பிட்டிருந்தால் படைக்குள் நுழைய லாயக்கில்லை. நுழைந்தபிறகு, மாத்திரை சாப்பிடாவிட்டால் பறக்க லாயக்கில்லை.

குண்டு போட்டவருக்கு 2004-ல் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். சம்பளத்தில் 5,672 டாலர் பிடித்தார்கள். நான்கால் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 1,418 டாலர். இது தண்டனைப் பட்டியலா, மெனு கார்டா என்று கனடாவில் யாராவது கேட்டிருப்பார்கள்.

பழைய கதைகளுக்கும் குறைவில்லை. 1966 முதல் 1969 வரை வியட்நாமில் அமெரிக்கப் படைகள் விழுங்கிய ஊக்க மாத்திரைகள் 22.5 கோடி என்று அவர்களுடைய காங்கிரஸ் கமிட்டியே 1971-ல் கணக்குச் சொன்னது. அதே 1971 ஜூனில் ஜனாதிபதி நிக்சன் போதைப்பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். வியட்நாமிலிருந்து ஊர் திரும்பும் சிப்பாய்க்குச் சிறுநீர்ச் சோதனை வந்தது. தேறினால்தான் விமானத்தில் இடம். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பொன்னோட்டம்’. நான் வைக்கவில்லை, அவர்கள் வைத்தது. ஒரு வழியாக மாத்திரையை ஊற்றிவிட்டு, மறு வழியாக வருவதைக் குப்பியில் பிடித்துக் குற்றம் கண்டுபிடித்த அரசு. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

பிறகு ஈராக், ஆப்கானிஸ்தான். முதுகில் முப்பது நாற்பது கிலோ சுமையோடு மலை ஏறினால் முதுகு போகும். கண்ணிவெடியில் கால் போகும். வலி வரும். வலிக்கு நேரம் ஒதுக்கி வைத்தியம் செய்வதைவிட மாத்திரை எழுதுவது சுலபம். 2009-ல் மட்டும் ராணுவ டாக்டர்கள் எழுதிய வலிமாத்திரைச் சீட்டுகள் ஏறக்குறைய 38 லட்சம். 2001-ல் எழுதியதைப் போல நான்கு மடங்கு. ராணுவம் தன் ஆட்களிடமே நடத்திய கணக்கெடுப்பு இன்னொன்று சொல்கிறது. சீட்டு மருந்தைத் தவறாகப் பயன்படுத்தினோம் என்று 2002-ல் ஒப்புக்கொண்டவர்கள் நூற்றுக்கு 2 பேர். 2008-ல் 11 பேர். படிவத்தில் கேட்கும் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ போடுகிறவர்களை ராணுவமே உற்பத்தி செய்து தள்ளியது.

மருந்துக் கம்பெனி சும்மா இருக்குமா? ஆக்ஸிகான்டின் என்கிற வலிமாத்திரையை 1996-ல் சந்தைக்கு விட்ட பர்டியூ ஃபார்மா, அது அவ்வளவாக அடிமைப்படுத்தாது என்று விற்றது பொய் என 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 63 கோடி டாலர் கட்டியது. மூன்று பெரிய அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குச் சிறை கிடையாது, சமூக சேவை. தலைக்கு 400 மணி நேரம். 2009-ல், போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கென்று வலியைச் சமாளிக்க ஒரு கையேடு வெளிவந்தது. பணம் போட்டவர்களில் பர்டியூவும் உண்டு. இயல்பிலேயே அடிமையாகிற வாகு இல்லாதவர்களுக்கு இந்த மாத்திரைகளால் பெரிதாக ஆபத்தில்லை என்று அது வீரர்களுக்கு ஆறுதல் சொன்னது. 2020-ல் அதே கம்பெனி இன்னொரு முறை குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு மாத்திரையை ஒப்புக்கொண்ட பையனுக்குக் கதவு சாத்தப்படுகிறது. கோடிக்கணக்கில் விற்றதை இரண்டு முறை ஒப்புக்கொண்டவர்களுக்கு எந்த வாசலில் வாத்து நடை வைத்தார்கள்?

மாத்திரை கொடுத்துப் பழக்கினவனை என்ன செய்தார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அவர்களுடைய அரசுத் தணிக்கை அலுவலகம் 2017-ல் வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை ஒழுங்கீனம் என்று வெளியே அனுப்பப்பட்டவர்கள் 91,764 பேர். போதைப்பொருள் விவகாரமும் இந்த ஒழுங்கீனத்தில் அடக்கம். இவர்களில் 57,141 பேருக்கு, வெளியே அனுப்புவதற்கு முந்தின இரண்டு வருஷங்களுக்குள், போர் அதிர்ச்சி நோயோ மூளைக் காயமோ அதுபோன்ற வேறு கோளாறோ இருப்பதாக ராணுவ டாக்டர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு 62 பேர். நோயாளி என்று ஒரு கை எழுதுகிறது. ஒழுங்கீனன் என்று மறு கை எழுதுகிறது. இவர்களில் 13,283 பேருக்குக் ‘கௌரவமில்லாத’ வகையில் சேர்ந்த விடுதலைச் சீட்டு. அந்தச் சீட்டோடு போனால் படைவீரர் ஆஸ்பத்திரிக் கதவு லேசில் திறக்காது. கால் போன இடத்தில் வலிக்கும். பழக்கிவிட்ட மாத்திரை கிடைக்காது. அடுத்த தெரு முனையில் ஹெராயின் மலிவு.

இத்தனை கண்டிப்பான அரசு தன் வீட்டுக்குள் மருந்துப் பெட்டியை எப்படி வைத்திருக்கும்? பூட்டி, சாவியை இடுப்பில் செருகி வைத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்.

வெள்ளை மாளிகையில் ஒரு மருத்துவப் பிரிவு உண்டு. அதை நடத்துவது ராணுவ மருத்துவர்கள், ராணுவ ஊழியர்கள். பென்டகனின் தலைமைத் தணிக்கை அதிகாரி அதை ஆராய்ந்து 2024 ஜனவரியில் அறிக்கை விட்டார். படித்தால் நம்ம ஊர்ச் சந்தையில் லேகியம் விற்கிறவர் எவ்வளவோ தேவலை என்று தோன்றும். வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னால் ஊழியர்கள் உட்கார்ந்து மாத்திரைப் பொட்டலம் கட்டுவார்களாம். தூங்குவதற்கு அம்பியன், விழித்திருக்க ப்ரோவிஜில். இரண்டும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். வாங்குகிறவர் யார் என்று சரிபார்க்காமலே கொடுத்தார்கள். கணக்கைக் கையால் எழுதி, அடித்துத் திருத்தி வைத்திருந்தார்கள். போ, போகாதே இரண்டும் ஒரே பொட்டலத்தில். விமானியாவது குண்டு வீசப் போனான். இவர்கள் ஃபைல் தூக்கப் போனார்கள்.

செலவைக் கேளுங்கள். 2017 முதல் 2019 வரை பெயர் போன கம்பெனியின் அம்பியனுக்கு 46,500 டாலர். அதே மருந்தின் சாதா மாத்திரை விலையைப் போல 174 மடங்கு. ப்ரோவிஜிலுக்கு 98,000 டாலர், 55 மடங்கு. ஜனாதிபதி மாளிகையில் தூக்கம்கூடப் பிராண்டு பார்த்துத்தான் வரும். வரி கட்டுகிற அமெரிக்கன் மருந்துக் கடையில் ஜெனரிக் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர் ரான்னி ஜாக்சன். கடற்படை அட்மிரல், மூன்று ஜனாதிபதிகளின் காலத்தில் வெள்ளை மாளிகையில் இருந்தவர். 2018-ல் இவரை எந்தத் துறைக்கு மந்திரியாக்க முன்மொழிந்தார்கள் என்று ஊகியுங்கள். படைவீரர் நலத்துறை! மாத்திரையைத் தாராளமாக அள்ளிக் கொடுத்தார் என்பது உட்படக் குற்றச்சாட்டுகள் கிளம்பின. மறுத்தார். ஆனாலும் விலகினார். 2020-ல் டெக்சாஸில் தேர்தலில் நின்று ஜெயித்து, இப்போது காங்கிரஸ் உறுப்பினர்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நம் மாமியார்களுக்கு இந்த அளவு துணிச்சல் போதாது. மருமகளுக்குக் குடத்தைக் கொடுத்து, உடை என்று உத்தரவு போட்டு, உடைத்ததும் ஊரைக் கூட்டி வெளியே தள்ளிவிட்டு, உள்ளே போய்த் தான் வெள்ளிக் குடமாகப் பார்த்து உடைத்துக்கொண்டிருக்க அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ‘ஆம்’ போட்டான். டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் சான்றிதழ் கேட்டார். சான்றிதழ் வர மூன்று மாதம், விதிவிலக்கு மனு மேலே போக மூன்று மாதம். வால்மார்ட்டில் ராத்திரி ஷிப்டில் பெட்டி அடுக்கிக்கொண்டு காத்திருக்கிறான். அவனோடு வந்து எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டவன் பயிற்சி முடித்து, முதல் முதுகுவலிக்கு முதல் மாத்திரைச் சீட்டும் வாங்கிவிட்டான்.